கேம் பாயின் கடிகாரம்

கேம் பாயை இயக்கியதும் முதலில் வருவது விளையாட்டு அல்ல. பச்சை படர்ந்த அந்தச் சின்னத் திரையின் உச்சியிலிருந்து 'நின்டெண்டோ' என்ற எழுத்துகள் மெல்ல இறங்கி நடுவில் வந்து நிற்கும். மணி தட்டியது போல ஓர் ஓசை கேட்கும். அதற்குப் பிறகுதான் ஆட்டம். 1989 ஏப்ரலில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அந்தக் கையடக்கக் கருவிக்குள் பதித்து வைத்த ஒரு நிரல் செய்யும் வேலை இது. அதன் அளவு மொத்தமே 256 பைட். இறங்கி வரும் எழுத்துகளின் வடிவத்தை அது, விளையாட்டு அடங்கிய கேட்ரிட்ஜிலிருந்து படிக்கிறது. படித்ததைத் தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடுகிறது. ஏதாவது மாறியிருந்தால் கருவி அங்கேயே நின்றுவிடும். கேட்ரிட்ஜே செருகாமல் இயக்கினால் எழுத்துகளுக்குப் பதில் ஒரு கறுப்புக் கட்டம் இறங்கி வரும். பதில் சொல்ல யாருமில்லாத இடத்தில் படித்தால் எல்லாப் பிட்டும் 1 என்றே கிடைக்கும். அந்த ஒன்றுகளெல்லாம் சேர்ந்துதான் கறுப்பாகத் தெரிகின்றன.

கணினியில் புதிதாக ஒரு கேம் பாய் எமுலேட்டரை நிறுவினால் நான் முதலில் பார்ப்பது இந்தத் தொடக்கத்தைத்தான். சில மென்பொருள்கள் இதைத் தாண்டி நேராக ஆட்டத்துக்குப் போய்விடும். அதைப் பெரிய குறையாகச் சொல்ல மாட்டேன். ஆனால் கறுப்புக் கட்டம் வரை அப்படியே காட்டும் மென்பொருளைக் கண்டால், எழுதியவர் அசல் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவர் என்று தெரிந்துவிடும்.

எமுலேட்டர் செய்யும் வேலையைச் சொல்வது எளிது. கேம் பாயின் விளையாட்டுகள் ஷார்ப் நிறுவனம் செய்துகொடுத்த 8 பிட் செயலிக்காக எழுதப்பட்டவை. நம் கணினியின் செயலிக்கு அந்தக் கட்டளைகள் புரியாது. எமுலேட்டர் ஒவ்வொரு கட்டளையாக எடுத்து, அந்தப் பழைய செயலி என்ன செய்திருக்குமோ அதைத் தானே செய்து, அடுத்ததற்கு நகர்கிறது. அசல் செயலிக்கு வினாடிக்கு 41,94,304 கடிகாரத் துடிப்புகள். வேலை நினைவகம் 8 கிலோபைட். திரையில் 160-க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள். இன்றைய சாதாரண மடிக்கணினிக்கு இந்த வேகத்தை எட்டுவது ஒரு பொருட்டே இல்லை. 1990-களின் நடுவிலேயே வீட்டுக் கணினிகளில் கேம் பாய் எமுலேட்டர்கள் ஓடத் தொடங்கிவிட்டன.

அப்படியானால் முப்பது ஆண்டுகளாக இன்னும் என்னத்தைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள்? நேரத்தை. எந்த வேலை நடக்க வேண்டும் என்பது தெரிந்த விஷயம். அது எந்தத் துடிப்பில் நடக்க வேண்டும் என்பதில்தான் நல்ல எமுலேட்டரும் சுமாரான எமுலேட்டரும் பிரிகின்றன.

கேம் பாய் ஒரு படத்தை எப்படி வரைகிறது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். படம் மொத்தமாகத் திரைக்கு வருவதில்லை. வரி வரியாக, வரிக்குள் புள்ளி புள்ளியாக வருகிறது. ஒரு வரிக்கு 456 துடிப்புகள். முதல் 80 துடிப்புகளில், இந்த வரியில் எந்தெந்த உருவங்கள் வருகின்றன என்று தேடுகிறது. கருவி வைத்துக்கொள்ளக்கூடிய 40 உருவங்களில் ஒரு வரிக்குப் பத்துக்கு மேல் எடுக்காது. அடுத்து வரையும் கட்டம். குறைந்தது 172 துடிப்புகள். உருவங்கள் கூடினால் இந்தக் கட்டம் நீளும். மீதமிருக்கும் துடிப்புகள் ஓய்வு. இப்படி 144 வரிகள் முடிந்ததும் பத்து வரி நேரம் திரை சும்மா இருக்கும். எல்லாம் சேர்த்து ஒரு படத்துக்கு 70,224 துடிப்புகள், வினாடிக்கு 59.73 படங்கள்.

இந்தக் கணக்கை விளையாட்டு எழுதியவர்களும் அறிந்திருந்தார்கள். 'ப்ரீஹிஸ்டாரிக் மேன்' என்ற விளையாட்டின் தொடக்கக் காட்சியில் வரும் எழுத்துகள், ஒரு வரி பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே சாயல்களை மாற்றி மாற்றி உண்டாக்கப்பட்டவை. கோலத்தில் ஓர் இழையை இழுத்துக்கொண்டிருக்கும்போதே விரலிடுக்கில் இருக்கும் பொடியின் நிறத்தை மாற்றுவது போன்ற வேலை. பழைய எமுலேட்டர்கள் பலவும் வேகத்துக்காக ஒரு வரியை முழுசாக ஒரே வீச்சில் வரைந்துவிடும். நூற்றுக்கணக்கான விளையாட்டுகளில் அதனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. இந்த ஒன்றில் மட்டும் எழுத்துகள் சிதைந்து போகும். ஆகவே, 'என்னிடம் இருக்கிற எல்லா விளையாட்டும் ஓடுகிறது' என்று ஒருவர் சொல்வதை ஒரு எமுலேட்டருக்கான நற்சான்றாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

இன்னொரு பக்கமும் உண்டு. என் கணிப்பில் இதுதான் முக்கியம். வரையும் கட்டத்தில் படங்களுக்கான நினைவகத்தைச் செயலி தொட முடியாது. தொட்டால் படிப்பது வெறும் ஒன்றுகளாக வரும், எழுதுவது காற்றோடு போகும். ஒரு எமுலேட்டர் இந்தத் தடையை விட்டுவிட்டால் விளையாடுபவருக்கு ஒன்றும் தெரியாது, எல்லாம் இன்னும் சுமுகமாகக்கூட ஓடும். ஆனால் இன்றும் கேம் பாய்க்குப் புதிதாக விளையாட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். 2017-இல் வெளிவந்த 'டோபு டோபு கேர்ள்' அப்படி ஒன்று. நிரல் எழுதத் தெரியாதவர்களும் விளையாட்டு செய்ய 'ஜிபி ஸ்டூடியோ' என்ற இலவசக் கருவி இருக்கிறது. இப்படிப் பல மாதம் உழைக்கும் ஒருவர், தாராளமாக விட்டுக்கொடுக்கும் எமுலேட்டரை நம்பி வேலையை முடித்து, பிறகு அசல் கருவியில் போட்டால் திரை முழுக்கக் குப்பையாக வரும். இந்த இடத்தில் விட்டுக்கொடுப்பது ஏமாற்றுவதற்குச் சமம். பிஜிபி என்ற எமுலேட்டரை நான் மதிப்பதற்குக் காரணம், தொடக்கூடாத நேரத்தில் நிரல் நினைவகத்தைத் தொட்டால் அங்கேயே நிறுத்திக் காட்டும்படி அதை அமைத்துக்கொள்ளலாம் என்பதே.

சோதிப்பதற்கென்றே ஆர்வலர்கள் எழுதிய நிரல்கள் இருக்கின்றன. பிளார்க் என்ற பெயரில் எழுதியவரின் தொகுப்பு செயலியின் கட்டளைகளைப் பதினொரு பிரிவாகச் சோதித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே 'ஓகே' அல்லது பிழை எண்ணைப் போடும். 'மூன்ஐ' தொகுப்பு துடிப்புக் கணக்கிலேயே குறியாக இருக்கும். எனக்குப் பிடித்தது 'டிஎம்ஜி ஆசிட் 2'. அது திரையில் ஒரு சிரித்த முகத்தை வரையும். எமுலேட்டர் வரையும் விதத்தில் பிசகு இருந்தால் முகத்தின் ஏதாவது ஒரு பகுதி கோணிக்கொள்ளும். எது கோணியது என்பதை வைத்தே எந்த விதி தவறியது என்று கண்டுபிடிக்கலாம். ஆனால் இது தேறியதாலேயே 'ப்ரீஹிஸ்டாரிக் மேன்' சரியாக வரும் என்று சொல்ல முடியாது. வரிக்கு ஒரு வீச்சாக வரையும் எமுலேட்டரும் இதில் தேறிவிடும்.

திரையைப் பற்றி ஒன்று. அசல் கேம் பாயின் எல்சிடி மந்தமானது. ஒரு புள்ளி கறுப்பிலிருந்து வெளுக்க நேரம் எடுக்கும், நகரும் உருவத்தின் பின்னால் நிழல் இழுபடும். அந்த மந்தத்தையே சாதகமாக்கி, ஒரு படம் விட்டு ஒரு படம் உருவத்தைக் காட்டி மறைத்து, பாதி ஒளி ஊடுருவுவது போன்ற தோற்றத்தை உண்டாக்கினார்கள் விளையாட்டு எழுதியவர்கள் சிலர். 1992-இல் வந்த 'சிக்யூ கைஹோ கன் ஸாஸ்' இதற்குப் பேர்போனது. இன்றைய கூர்மையான திரையில் அது கண்ணை உறுத்தும்படி வெட்டி வெட்டித் தெரியும். அடுத்தடுத்த இரண்டு படங்களைக் கலந்து காட்டும் வசதி எமுலேட்டரில் இருந்தால்தான் அந்த விளையாட்டை அதன் ஆசிரியர்கள் நினைத்த விதத்தில் பார்க்க முடியும். புள்ளிகளை மழமழவென்று உருட்டிக் காட்டும் வடிகட்டிகளை நான் அணைத்துவிடுவேன். சதுரமான புள்ளிகள்தான் அந்தப் படங்களின் அழகு.

ஒலியைச் சோதிக்க, 'போகிமான் யெல்லோ'வில் பிக்காச்சு என்ற பாத்திரம் பேசுவதை ஹெட்போனில் கேளுங்கள். பேச்சை ஒலிக்கச் செய்யும் வசதி கேம் பாயில் கிடையாது. ஒரு சேனலின் ஒலியளவை மின்னல் வேகத்தில் ஏற்றியும் இறக்கியும் அந்தக் குரலை வரவழைக்கிறார்கள். துடிப்புக் கணக்கு தளர்ந்த எமுலேட்டரில் குரல் கரகரக்கும். இசை இடையிடையே 'டப்' என்று அறுந்தால் காரணம் வேறாக இருக்கலாம்: நம் திரை வினாடிக்கு 60 படம் கேட்கிறது, கேம் பாய் 59.73 தருகிறது. ஏறக்குறைய மூன்றே முக்கால் வினாடிக்கு ஒரு படம் இடிக்கிறது. இந்த இடைவெளியை எப்படி நிரவுகிறார்கள் என்பதில் எமுலேட்டருக்கு எமுலேட்டர் கைவண்ணம் மாறும்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். எமுலேட்டர் வேறு, அதில் ஓடும் விளையாட்டுக் கோப்பு வேறு. விளையாட்டின் பதிப்புரிமை அதை வெளியிட்டவருடையது. நான் முதலில் சொன்ன 256 பைட் நிரலும் நின்டெண்டோவுடையதே. சேம்பாய் என்ற எமுலேட்டரை எழுதியவர்கள் அந்தத் தொடக்க நிரலுக்குப் பதிலாகத் தாங்களே ஒன்று எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். துல்லியத்தையும் நேர்மையையும் ஒருசேரப் பார்த்தால் வீட்டுக் கணினிக்கு நான் சிபாரிசு செய்வது அதைத்தான். கேம் பாய் அட்வான்ஸ் விளையாட்டுகளும் வேண்டுமென்றால் எம்ஜிபிஏ.

கடைசியாக ஒரு சோதனை. இதற்கு ஓர் இரவு வேண்டும். 1999-இல் வந்த 'போகிமான் கோல்டு' கேட்ரிட்ஜுக்குள் ஒரு கடிகாரச் சில்லும் அதை ஓட்ட ஒரு பொத்தான் பேட்டரியும் உண்டு. கருவியை அணைத்து வைத்தாலும் அந்தக் கடிகாரம் ஓடும். வெளியே இருட்டினால் விளையாட்டுக்குள்ளும் இருட்டும். பேட்டரி தீர்ந்தால் கடிகாரத்தோடு சேமித்த ஆட்டமும் போய்விடும். பழைய கேட்ரிட்ஜ்கள் பலவற்றில் அந்த பேட்டரி தீர்ந்துவிட்டது. எமுலேட்டரில் அந்த ஆட்டத்தை ராத்திரி சேமித்து, கணினியையும் அணைத்துவிட்டுத் தூங்குங்கள். காலையில் எழுந்து திறக்கும்போது உள்ளே இன்னும் இரவாகவே இருந்தால், வேறு எமுலேட்டரைத் தேடுங்கள்.