“பந்தைத்தானே அடிச்சேன், எதுக்கு சார் சிவப்பு அட்டை?”

கரிக்கலாம்பாக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆடும் பசங்களானாலும் சரி, உலகக் கோப்பை இறுதியில் ஆடுபவர்களானாலும் சரி, நடுவர் பாக்கெட்டில் கை வைத்ததும் வரும் வசனம் ஒன்றுதான்: “சார், நான் பந்தைத்தானே அடிச்சேன்!”

விதிப்படி அந்த வசனம் செல்லாது. கால்பந்தின் 12-வது விதியில் மூன்று படிகள் இருக்கின்றன. கவனக்குறைவாக மோதினால் வெறும் ஃபவுல். எதிராளிக்கு என்ன ஆகும் என்று யோசிக்காமல் மோதினால் மஞ்சள். தேவைக்கு மீறிய பலத்தோடு பாய்ந்தாலோ, எதிராளியின் பாதுகாப்புக்கு ஆபத்து உண்டாக்கினாலோ சிவப்பு. முன்னாலிருந்து வந்தாலும் பின்னாலிருந்து வந்தாலும் இதே கணக்குதான். முதலில் பந்தில் கால் பட்டது என்பது மட்டும் காப்பாற்றாது. ‘வேணும்னே செய்யல’ என்பதும் எடுபடாது.

அப்படியானால் நடுவர் எதைப் பார்க்கிறார்? எவ்வளவு வேகம், எவ்வளவு தூரத்திலிருந்து பாய்ச்சல், ஷூவின் அடிப்பக்க ஸ்டட் எதிராளியை நோக்கி இருந்ததா, பாதத்தில் பட்டதா அல்லது கணுக்காலுக்கு மேலா. இரண்டு காலும் தரையை விட்டுக் கிளம்பிவிட்டால் சிக்கல்தான். நடுவழியில் அவரே நினைத்தாலும் நிறுத்த முடியாது.

இந்தப் பட்டியலில் இல்லாத ஒன்று, அடிபட்டவரின் காயம். பெரும்பாலானோர் குழம்புவது இங்கேதான்.

2019 நவம்பர் 3, எவர்ட்டன் - டாட்டன்ஹாம் ஆட்டம். தென்கொரியாவின் சன் ஹியுங்-மின் பின்னாலிருந்து காலை நீட்ட, ஆந்த்ரே கோம்ஸ் தடுமாறி இன்னொரு டாட்டன்ஹாம் வீரர் மீது மோதினார். கணுக்கால் உடைந்து திரும்பிவிட்டது. நடுவர் மார்ட்டின் அட்கின்சன் முதலில் எடுத்தது மஞ்சள். காயத்தின் கொடூரம் தெரிந்த பிறகு அது சிவப்பானது. சன் அழுதபடியே வெளியேறினார். டாட்டன்ஹாம் மேல்முறையீடு செய்தது. இரண்டே நாளில் சிவப்பு அட்டை ரத்து, மூன்று ஆட்டத் தடையும் போனது. கோம்ஸுக்கு நேர்ந்தது பயங்கரம்தான். ஆனால் சன் செய்த தவறு மஞ்சள் அளவுதான்.

இதற்கு நேரெதிர், 2010 உலகக் கோப்பை இறுதி. நெதர்லாந்தின் நைஜல் டி யோங், ஸ்பெயினின் ஷாபி அலோன்சோவின் நெஞ்சில் ஸ்டட் பதிய உதைத்தார். அலோன்சோ எழுந்து ஆட்டத்தைத் தொடர்ந்தார். நடுவர் ஹோவர்ட் வெப் காட்டியது மஞ்சள். தனக்குச் சரியாகத் தெரியவில்லை, அது சிவப்புதான் என்று பின்னாளில் அவரே சொன்னார்.

டிவியில் ஸ்லோ மோஷனில் பார்த்தால் எல்லா டேக்கிளும் கொலைவெறி மாதிரிதான் தெரியும். அதனால்தான் விஏஆர் நெறிமுறையிலேயே ஒரு கட்டுப்பாடு உண்டு: கால் எங்கே பட்டது என்று பார்க்க ஸ்லோ மோஷன், எவ்வளவு வேகம், பலம் என்று பார்க்க இயல்பான வேகம்.

ஊர் மைதானத்தில் இந்த வசதி ஏது? நடுவரின் கண்ணும், கோட்டோரத்தில் கொடியோடு நிற்கும் உதவி நடுவரும்தான். சந்தேகம் வந்தால் அவரிடம் ஓடிப்போய்க் கேட்கலாம். எடுத்த அட்டையை மாற்றவும் செய்யலாம். ஆனால் ஆட்டம் மறுபடி தொடங்கும் வரைதான். ஃப்ரீ கிக் எடுத்த பிறகு கேப்டன் எவ்வளவு வாதாடினாலும், மஞ்சள் சிவப்பாகாது, சிவப்பும் மஞ்சளாகாது.