குஸ்தி பொய்! எலும்பு நிஜம்!
தாராசிங் முதல் ஜான் சீனா வரை: ஒரு ரசிகனின் தீர்ப்பு

"பளார்!"

அறை விழுந்தது. டெலிவிஷன் நிருபர் கீழே சாய்ந்தார். எழுந்து நிற்பதற்குள் அடுத்த காதிலும் ஒன்று விழுந்தது.

இது நடந்தது 1984 டிசம்பர் 28 அன்று. இடம்: நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம்.

அறை வாங்கியவர் ஏ.பி.சி. டெலிவிஷன் நிருபர் ஜான் ஸ்டாசல். அறைந்தவர் டேவிட் ஷுல்ட்ஸ் என்ற குஸ்திக்காரர்.

நிருபர் செய்த குற்றம் என்ன?

இந்தக் குஸ்தி எல்லாம் பொய் என்று நினைப்பதாக, ஷுல்ட்ஸ் மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டார். அவ்வளவுதான். விஷயம் கோர்ட்டு வரை போனது. நிருபருக்கு நஷ்டஈடு கிடைத்தது.

நானும் நிருபர்தான். சின்ன வயசிலிருந்து குஸ்தி பைத்தியமும்கூட. ஆகவே அதே கேள்விக்கு நானே பதில் சொல்கிறேன். அறைய வருகிறவர்கள் வரிசையில் நிற்கவும்.

முடிவு பொய். அடியில் பாதி பொய். ஆனால் கீழே விழுவது முழுக்க நிஜம்!

குட்டு உடைந்தது

முடிவு பொய் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. கம்பெனியே சொல்லிவிட்டது.

1989-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநில செனட் சபைக்கு டபிள்யூ.டபிள்யூ.எப். கம்பெனி ஒரு விளக்கம் கொடுத்தது. "இது விளையாட்டுப் போட்டி அல்ல. பொழுதுபோக்கு" என்பது அதன் சாரம்.

ஏன் இந்த திடீர் அரிச்சந்திர வேஷம்? விளையாட்டு என்றால் அரசாங்க கமிஷனின் கட்டுப்பாடு உண்டு. வரி உண்டு. நாடகம் என்றால் அந்தத் தொல்லை இல்லை!

யார் ஜெயிப்பது என்று முதலிலேயே பேசி முடித்துவிடுவார்கள். அடுத்த பிடி என்ன என்று மேடையிலேயே காதோடு காதாகச் சொல்லிக் கொள்வார்கள். நெற்றியில் ரத்தம் வர வேண்டுமா? அந்தக் காலத்தில் கைக்கட்டுக்குள் சின்ன பிளேடுத் துண்டு ஒளிந்திருக்கும். தன் நெற்றியைத் தானே கீறிக்கொள்வார் ஆசாமி.

மேடை மட்டும் பொய் பேசாது.

அடியில் இரும்புச் சட்டம். அதன் மேல் பலகை. பலகை மேல் மெல்லிய மெத்தை. அதற்கு மேல் கித்தான். விழும்போது தாடை நெஞ்சோடு ஒட்ட வேண்டும். முதுகு முழுக்க ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். தலை முதலில் பட்டால் தொலைந்தது.

டிரம்ப் கார்டு

பள்ளிக்கூட நாளில் எங்கள் பை நிறைய டிரம்ப் கார்டு இருக்கும். உயரம், எடை, மார்பளவு, கைச்சதை எல்லாம் மனப்பாடம். வாய்ப்பாடுதான் வராது.

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்று சத்தியமாக நம்பினோம்.

ஒரு கோடை லீவில் சித்தி மகனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிப் போட்டேன். அண்டர்டேக்கர் பிடி! அவனும் சிரித்துக்கொண்டேதான் எம்பினான். கட்டில் மெத்தையில் விழ வேண்டியவன், கட்டில் சட்டத்தில் விழுந்தான்.

"டக்" என்று ஒரு சத்தம். காறை எலும்பு இரண்டாகப் போனது.

"அண்ணா, கை வரல அண்ணா" என்று அலறினான். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. இன்றைக்கும் அவன் வலது கை முழுசாக மேலே போகாது.

அதற்குப் பிறகு குஸ்தி பார்க்கும்போது நான் அடிப்பவனைப் பார்ப்பதில்லை. விழுபவனைத்தான் பார்க்கிறேன். அவனை எதிராளி எப்படி இறக்கிவிடுகிறான் என்று பார்க்கிறேன். என் தீர்ப்பு எல்லாம் இந்த ஒரு அளவுகோல்தான்.

தாராசிங்

என் தாத்தா ஒப்புக்கொள்ள மாட்டார். "தாராசிங் பயில்வான்டா! உன் ஆளுங்க எல்லாம் சினிமாக்காரனுங்க" என்பார்.

தாராசிங்கும் சினிமாவில் நடித்தவர்தான். 1962-ல் வந்த இந்திப் படம் 'கிங்காங்'. அதில் அவர்தான் கதாநாயகன். பிறகு டி.வி. ராமாயணத்தில் அனுமார் ஆனார். வீட்டுக்கு வீடு கும்பிட்டார்கள்.

ஆனால் மேடையில் அவர் சூரன் என்பதில் சந்தேகம் இல்லை. எதிரில் வந்த கிங்காங் லேசுப்பட்ட ஆள் அல்ல. ஹங்கேரிக்காரர். சுமார் 200 கிலோ! அந்த மலைக்கும் தாராசிங்குக்கும் நடந்த குஸ்தி ஊர் ஊராகப் பேசப்பட்டது.

1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸ்ஸை வீழ்த்தி, உலக சாம்பியன் என்று பேர் வாங்கினார் தாராசிங். தெஸ்ஸுக்கு அப்போது வயசு 52. பிடியில் புலி.

பழைய படச் சுருள்களைப் பார்த்தேன். தாவல் இல்லை. மேஜை உடைப்பு இல்லை. பிடி, திருகு, தூக்கு, அவ்வளவுதான். ஆனால் தூக்கியவனைத் தரையில் போடும் வரை கை விடுவதில்லை.

தாத்தா கட்சிக்கு இங்கே ஒரு ஓட்டு!

ராட்சதன் மனசு

1987 மார்ச் 29. அமெரிக்காவில் பான்டியாக் நகர ஸ்டேடியம். 93,173 பேர் கூடியதாக கம்பெனி அறிவித்தது. அந்தக் கணக்கில் சந்தேகம் கிளப்புகிறவர்களும் உண்டு.

பெரிய குஸ்தி ஹல்க் ஹோகனுக்கும் ஆந்த்ரே தி ஜெயன்டுக்கும். 230 கிலோவுக்கு மேலான ஆந்த்ரேயை ஹோகன் அலாக்காகத் தூக்கிப் போட்டார். கூட்டம் கூரையைப் பிளந்தது.

பலே ஹோகன்! ஆனால் என் சபாஷ் ஆந்த்ரேக்குத்தான்.

ஆந்த்ரே அப்போது நோயாளி. முதுகில் ஆபரேஷன் நடந்திருந்தது. உடைக்குள் பட்டை கட்டிக்கொண்டு மேடை ஏறினார். அவர் மனசு வைக்காவிட்டால் ஹோகன் அல்ல, கிரேன் வந்தாலும் தூக்கியிருக்க முடியாது. தன் பேரைத் தோற்றுக் கொடுத்து இன்னொருவனைப் பெரிய ஆளாக்கினார். 1993-ல் 46 வயசில் இறந்துபோனார்.

அதே மேடையில் அன்றைக்கு நடந்த ரேண்டி சாவேஜ் - ரிக்கி ஸ்டீம்போட் குஸ்திதான் அசல் விருந்து. சுமார் 15 நிமிஷம். ஒவ்வொரு பிடியையும் முன்கூட்டியே எழுதி வைத்து ஒப்பித்துக்கொண்டு வந்தார்கள். மேலே பறந்தார்கள், விழுந்தார்கள், நல்லபடியாக எழுந்து போனார்கள்.

துரோகம்

இந்தத் தொழிலில் மோசடி என்றால் எது? பேசி வைத்துச் சண்டை போடுவது மோசடி அல்ல. பேசி வைத்ததை மீறுவதுதான் மோசடி!

1997 நவம்பர் 9. கனடாவின் மான்ட்ரியால் நகரம். சாம்பியன் பிரெட் ஹார்ட் வேறு கம்பெனிக்குப் போக இருந்தார். சொந்த நாட்டில் பட்டத்தை இழக்க மாட்டேன் என்றார். சரி, வேறு மாதிரி முடிப்போம் என்று அவரிடம் சொல்லப்பட்டது.

ஷான் மைக்கேல்ஸ் அவருக்குப் பிடி போட்டார். முதலாளி வின்ஸ் மெக்மகன் மேடை ஓரத்தில் வந்து நின்றார். மணியை அடிக்கச் சொன்னார். பிரெட் சரணடையவே இல்லை, ஆனால் தோற்றுவிட்டார்!

பிரெட் அங்கேயே முதலாளி முகத்தில் காறித் துப்பினார். உள்ளே போய் ஒரு குத்தும் விட்டார். அந்தக் குத்து நாடகம் அல்ல.

தன் உடம்பை எதிராளி கையில் நம்பிக் கொடுக்கிற தொழில் இது. அந்த நம்பிக்கையை உடைத்தால் மிச்சம் என்ன?

கழுத்து போச்சு

அதே 1997, ஆகஸ்டு 3. ஸ்டீவ் ஆஸ்டினைத் தலைகீழாகப் பிடித்தார் ஓவன் ஹார்ட். பிரெட்டின் தம்பி. முழங்கால் போட்டு இறங்கியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. உட்கார்ந்த நிலையில் இறங்கினார். ஆஸ்டினின் உச்சந்தலை நேராகத் தரையில் மோதியது.

கை கால் அசையவில்லை.

ஓவன் பதறிவிட்டார். ஆனாலும் கூட்டத்தைப் பார்த்து ஏதோ கத்தி நேரம் கடத்தினார். ஆஸ்டின் கொஞ்சம் தெம்பு வந்து ஊர்ந்து வந்தார். ஓவனை ஒரு சுருட்டு சுருட்டினார். திட்டப்படி ஜெயித்தார்.

குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். ஆஸ்டினுக்கு மண் ஒட்டவில்லை, கழுத்து போய்விட்டது. 2003-ல் ஓய்வு பெற்றார். மறுபடி குஸ்திக்கு மேடை ஏற 19 வருஷம் ஆனது.

பேர் போலி, விழுந்தது அசல்

1998 ஜூன் 28. பிட்ஸ்பர்க் நகரம். மேடையைச் சுற்றி இரும்புக் கூண்டு. அதன் உச்சியில் இரண்டு பேர். ஒருவர் அண்டர்டேக்கர். இன்னொருவர் மிக் போலி.

அண்டர்டேக்கர் தள்ளினார். சுமார் 16 அடி உயரத்திலிருந்து போலி கீழே மேஜை மேல் விழுந்தார். மேஜை நொறுங்கியது. தூக்குப் படுக்கை வந்தது. மனுஷன் இறங்கி மறுபடி கூண்டு மேல் ஏறினார்! இந்த முறை கூண்டின் கூரை பிய்ந்து உள்ளே விழுந்தார். உடைந்த பல் ஒன்று மூக்குக்குள் போய் நின்றது.

பேர்தான் போலி. விழுந்தது அசல்.

சின்ன வயசில் இதைப் பத்து தடவை பார்த்துக் கை தட்டியவன் நான். இப்போது முடிவதில்லை. கட்டிட சாரத்திலிருந்து விழுந்தவர்களைப் பற்றிச் செய்தி எழுதுகிற வேலை எனக்கு. 16 அடி என்றால் என்ன என்று ஆஸ்பத்திரி வாசலில் தெரிந்துகொண்டேன்.

78 அடி

எதற்கு இந்தப் பயம் என்பவர்களுக்கு 1999 மே 23.

கேன்சஸ் சிட்டி அரங்கம். அதே ஓவன் ஹார்ட் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கி வரவேண்டும். கொக்கி பாதியில் விட்டுவிட்டது. 78 அடி! நேராக மேடையில் வந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் பிணம். வயசு 34.

போலீஸ் வந்தது. கேஸ் வந்தது. குடும்பத்துக்குப் பின்னால் 1 கோடியே 80 லட்சம் டாலர் கிடைத்தது.

ஆனால் அன்று ராத்திரி குஸ்தி நிற்கவில்லை. ரத்தம் பட்ட அதே மேடையில் அடுத்த ஜோடி ஏறியது. ரசிகன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருப்பது அந்த ஒரு ராத்திரிக்காக.

புதுசு எப்படி?

2007 ஜூலையில் நம் ஆள் கிரேட் காளி உலகப் பட்டம் வாங்கினார். இமாசலப் பிரதேசத்துக்காரர். பஞ்சாப் போலீசில் வேலை பார்த்தவர். 7 அடி உயரம். எனக்கும் பெருமைதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்: குஸ்தி சுமார். உயரம் படு ஜோர்!

2009 ஏப்ரல் 5-ல் ஹூஸ்டனில் அண்டர்டேக்கரும் ஷான் மைக்கேல்சும் மோதியது, என் பட்டியலில் மூன்றாவது இடம். அதிலும் ஒரு கண்டம். அண்டர்டேக்கர் கயிற்றைத் தாண்டி வெளியே பாய்ந்தார். அவரைப் பிடிப்பதற்கென்றே கேமராக்காரர் வேஷத்தில் ஒரு குஸ்திக்காரர் நின்றார். பிடி தவறியது. அண்டர்டேக்கர் தலை தரையில் இடித்தது. எழுந்து வந்து மீதியை முடித்தார்!

இப்போதைய பையன்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. திறமை அபாரம். பழைய ஆட்கள் கனவிலும் செய்யாத குட்டிக்கரணம் எல்லாம் போடுகிறார்கள். ஆனால் நேற்று மேஜை, இன்று ஏணி, நாளை என்ன? 2022 மார்ச் 11-ல் பிக் ஈ என்பவரைத் தூக்கிப் போட்டதில் கழுத்தெலும்பு முறிந்தது. தினம் தினம் போடுகிற சாதாரணப் பிடிதான் அது. சாதாரணப் பிடிக்கே இந்தக் கதி. ஏணி எதற்கு?

2025 டிசம்பர் 13. வாஷிங்டனில் ஜான் சீனாவின் கடைசி குஸ்தி. குந்தர் போட்ட பிடியில் கையைத் தட்டிச் சரணடைந்தார். ரசிகர்கள் கொதித்துக் கூச்சல் போட்டார்கள்.

நான் சீனா கட்சி. போகிறவன் தோற்றுக் கொடுக்க வேண்டும். வருகிறவன் வளர வேண்டும். அன்று ஆந்த்ரே செய்ததும் அதுதானே?

தீர்ப்பு

இரண்டாவது இடம் சாவேஜ் - ஸ்டீம்போட். முதல் இடம்?

1997 மார்ச் 23, சிகாகோ அருகே. பிரெட் ஹார்ட் - ஸ்டீவ் ஆஸ்டின். ஆஸ்டின் முகமெல்லாம் ரத்தம். பிரெட் பிடியில் மயங்கினாரே தவிர, சரணடையவில்லை. வில்லனாக வந்தவன் ஹீரோவாகப் போனான். ஹீரோ வில்லன் ஆனான். அவ்வளவு ஆக்ரோஷத்திலும் ஆஸ்டின் தன் காலாலேயே நடந்து வெளியே போனார்.

எதிராளியை அடித்துப் போடுகிறவன் ரவுடி. அடிப்பது போல அடித்து, பத்திரமாக வீட்டுக்கு அனுப்புகிறவன்தான் பயில்வான்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். தம்பியோடு உட்கார்ந்து சீனாவின் கடைசி குஸ்தியை மறுபடி பார்த்தேன். முடிந்ததும் இருவரும் கை தட்டினோம்.

அவன் வலது கையை நெஞ்சு உயரத்துக்கு மேலே தூக்காமல்தான் தட்டினான்.