கழித்தெறியும் சாமான்களைக் கொண்டு பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்தல்

மரக்காணத்து உப்பளக் கரையைச் சேர்ந்த கூனிமேடு முதலிய கிராமங்களில், பாத்தி நீர் உப்பு விளையும் பக்குவத்துக்கு வந்துவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டுமே சொல்லிவிடக்கூடிய அனுபவசாலிகள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தில் 'அடர்த்தி என்பது நிறையைக் கன அளவால் வகுத்தது' என்று நெட்டுருப் பண்ணி ஒப்புவிக்கிறார்கள். தகப்பனார் பாத்தியில் பார்ப்பதும் தாங்கள் புஸ்தகத்தில் படிப்பதும் ஒன்றேயென்று அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் அரிது. பரீட்சையில் தேறாத பிள்ளை, சாஸ்திரம் தனக்கு ஏறாது என்று எண்ணிப் படிப்பையே விட்டுவிடுகிறான். உண்மையில் அவனுக்குக் குறைவாயிருந்தது புத்தியன்று. கையில் எடுத்துப் பார்க்க ஒரு பொருள்.

கருவிகள் வாங்கப் பணமில்லை என்பது இதற்கு வழக்கமாகக் கூறப்படும் காரணம். வாங்கிய இடங்களிலும் உடைந்துபோகுமென்று அஞ்சிக் கண்ணாடிக் குழாய்களைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவதுண்டு. பூட்டிய கருவியினால் ஒருவரும் கற்றதில்லை. உடைந்தால் இன்னொன்று செய்துகொள்ளலாம் என்னும்படியான கருவியே பிள்ளைகளுக்கு ஏற்றது. அத்தகைய கருவிகளுக்கு வேண்டிய சாமான்கள் குப்பையிலேயே கிடக்கின்றன.

இம்முறை நம் தேசத்தில் பரீட்சித்துப் பார்க்கப்பட்டதே. கைத்தொழில் வழியாகக் கல்வி புகட்டவேண்டும் என்னும் கொள்கையை மகாத்மா காந்தி 1937-ஆம் ஆண்டில் வார்தா மகாநாட்டில் முன்வைத்தார். பின்னர் 1972-இல் மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் ஜில்லாவில், கிஷோர் பாரதி, ரசூலியா நண்பர்கள் கிராம நிலையம் என்னும் இரு ஸ்தாபனங்கள் சர்க்கார் அனுமதியுடன் 16 நடுத்தரப் பள்ளிகளில் ஒரு புதிய விஞ்ஞானப் போதனையைத் தொடங்கின. அங்கே பிள்ளைகள் முதலில் சோதனையைச் செய்தார்கள், கண்டதை எழுதினார்கள், விடையை அதிலிருந்து தாங்களே வருவித்தார்கள். பரீட்சையின்போது புஸ்தகத்தைத் திறந்து பார்த்துக்கொள்ளவும் அனுமதி இருந்தது. 1978-இல் இம்முறை ஜில்லா முழுவதும் பரவிற்று. முப்பது வருஷ காலம் நடந்த இவ்வேலையை 2002-இல் மாநில சர்க்கார் நிறுத்திவிட்டது. அது வருந்தத்தக்கதே. ஆயினும் அதிலிருந்து கிளைத்தவை நிலைத்து நிற்கின்றன.

அக்கிளைகளில் ஒன்று ஸ்ரீ அரவிந்த் குப்தா செய்த வேலை. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இன்ஜினீயரிங் பயின்ற இவர், 1978-இல் மோட்டார் தொழிற்சாலை உத்தியோகத்திலிருந்து விடுப்புப் பெற்று ஹோஷங்காபாத் வேலைக்குச் சென்றார். சைக்கிள் வால்வுக்கு மாட்டும் மெல்லிய ரப்பர்க் குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கி, அதன் இரு முனைகளிலும் தீக்குச்சிகளைச் செருகினால் வளைந்துகொடுக்கும் மூட்டு ஒன்று உண்டாவதை அவர் எடுத்துக்கொண்டார். மூன்று குச்சிகளை இணைத்தால் முக்கோணம். அதை அழுத்தினாலும் உருவம் மாறுவதில்லை. நான்கை இணைத்தால் சதுரம். அது சிறிது தள்ளினாலே சாய்ந்துவிடுகிறது. குறுக்கே ஒரு குச்சியைக் கொடுத்தால் அதுவும் உறுதிப்படுகிறது. வீட்டுக் கூரையிலும் இரும்புப் பாலத்திலும் முக்கோணங்கள் ஏன் காணப்படுகின்றன என்று பிள்ளை கேட்பதற்கு முன்னரே அவனுடைய விரல்கள் விடையை அறிந்துவிடுகின்றன. இவை 1987-இல் புஸ்தகமாக வெளிவந்தன. புனாவில் அவர் பின்னாளில் நடத்திய சிறுவர் விஞ்ஞான நிலையத்தில் இவ்வகை விளையாட்டுச் சாமான்கள் நூற்றுக்கணக்கில் செய்யப்பட்டன. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1980-இல் தோன்றிய அறிவியல் இயக்கமும், 1987 முதல் வெளிவந்த 'துளிர்' என்னும் சிறுவர் பத்திரிகையும் இவ்வழியில் உழைத்தவையே.

கூனிமேட்டுப் பிள்ளைகளுக்கு முதலில் கற்பிக்கத்தக்கது உப்புநீர் அளக்கும் கருவியாகும். சாலையோரத்து இளநீர்க் கடைகளில் எறியப்படும் பிளாஸ்டிக் உறிஞ்சு குழல் ஒன்று போதும். (இக்குழல்கள் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை செய்யப்பட்டவை, ஆயினும் குப்பையில் அகப்படாமற் போவதில்லை.) குழலின் ஒரு முனையை மெழுகினால் நன்றாக அடைத்து, மேல் முனை வழியாகச் சிறு ஆணித்துண்டுகளையோ மணலையோ சிறிது சிறிதாக இடவேண்டும். மேற்பாகத்தை வெட்டிய தண்ணீர்ப் பாட்டிலில் நல்ல தண்ணீரை ஊற்றி அதில் விட்டால், குழல் நிமிர்ந்து நின்று ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் அமிழ்வதாய் இருக்கவேண்டும். வலையில் கட்டும் ஈயக்குண்டு இதற்கு எளிதில் கிடைக்கும் என்று சிலர் நினைக்கலாம். ஈயம் நஞ்சு, அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்தல் ஆகாது.

நீர்மட்டம் தொடும் இடத்தில் அழியாத மையினால் ஒரு கோடு இடுக. அது பூஜ்யம். பிறகு 850 கிராம் தண்ணீரில் 150 கிராம் உலர்ந்த உப்பைக் கரைத்து, அதில் குழலை மிதக்கவிடுக. குழல் இப்போது சுமார் ஒன்றரைச் சென்டிமீட்டர் மேலெழும்பி நிற்கும். அந்நீர்மட்டத்தில் இடும் கோடு 15. இரண்டுக்கும் நடுவே 15 சமபாகங்களாகப் பிரித்து, அதே அளவில் கீழ்நோக்கி 30 வரையில் கோடிட்டால் கருவி முடிந்தது. 18-ஆம் நூற்றாண்டில் போமே என்னும் பிரெஞ்சு ரசாயன சாஸ்திரி வகுத்த அளவுமுறை இதுவே. உப்பளங்களில் 'டிகிரி' என்று வழங்குவதும் இதுதான். குழல் மேலிருந்து கீழ்வரை ஒரே பருமனாயிருப்பதனால்தான் சமபாகங்கள் சரியாக அமைகின்றன. பப்பாளி இலைக்காம்பில் செய்தால் இவை பொருந்தா. அது ஏன் என்று பிள்ளைகளையே கேட்டுப் பார்க்கலாம்.

இனிக் கருவியை அளத்துக்குக் கொண்டுபோகலாம். கடல்நீரில் அது சுமார் 3 அல்லது 3½ காட்டும். வெயிலில் நீர் சுண்டச் சுண்டக் குழல் மேலெழும்பிவரும். வழியில் ஜிப்சம் படியும். சுமார் 25-இல் உப்புப் பூக்கத் தொடங்கும். 29-ஐத் தாண்டவிட்டால் மக்னீஷிய உப்புகளும் கலந்து உப்பு கசக்கும், ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஆகவே எஞ்சிய கசப்பு நீரை உரிய காலத்தில் வெளியேற்றவேண்டியது ஏன் என்பதற்குப் பெரியவர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்த காரணம், பையனுக்குக் கணக்காக விளங்குகிறது. அவன் சொல்லும் எண்ணும் தகப்பனார் சொல்லும் பக்குவமும் ஒத்துவந்தால் இருவருக்கும் சந்தோஷம். ஒவ்வாவிடில் யார் தவறினார் என்று ஆராய்வதே அன்றைய பாடம். பெரும்பாலும் தவறியது குழலில் கசியும் மெழுகாயிருக்கும்.

பழைய பாட்டில்களில் பூங்கொத்து செய்து வர்ணம் பூசுவதையும் சில இடங்களில் இவ்வகையில் சேர்த்துவிடுகிறார்கள். அதில் குற்றமில்லை, ஆனால் கேள்வி ஒன்றும் எழாத கைவேலை அலங்காரமே தவிர விஞ்ஞானமாகாது. எல்லாப் பிள்ளைகளும் உபாத்தியாயர் காட்டிய மாதிரியையே நகல் செய்தால் கற்பனைக்கும் அங்கே இடமில்லை. குழலுக்குப் பதில் வேறெது மிதக்கும், சிறு அளவிலும் கோடுகள் அகன்று விழும்படி செய்வது எப்படி என்று அவர்களையே தேடவிடவேண்டும். உடைந்த கண்ணாடி, துருப்பிடித்த தகரம், மருந்துப் புட்டி, பழைய பாட்டரி ஆகியவற்றைப் பொறுக்கவிடக் கூடாது.

கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் இதற்குச் செய்யக்கூடியது சிறிதே. லாபத்தில் பொது நன்மைக்கென ஒதுக்கும் தொகையிலிருந்து ஒரு கத்தரிக்கோல், ஒரு சிறு தராசு, மெழுகு, அளவுகோல், இவற்றை வைக்க ஒரு மரப்பெட்டி வாங்கிப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுக்கலாம். பெட்டிக்குப் பூட்டு வேண்டியதில்லை. உப்பு வாரும் காலத்தில் பிள்ளைகள் வாரம் ஒருமுறை அளந்துவரும் டிகிரியைச் சங்கத்துக் கரும்பலகையில் தேதியுடன் எழுதச் சொல்லலாம். மத்தியான வெயிலில் எடுத்த நீர் சூட்டினால் விரிந்து உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஆகையால் அதை நிழலில் ஆறவைத்த பிறகே அளக்கவேண்டும். அளந்து முடிந்ததும் குழலை நல்ல தண்ணீரில் கழுவி வைக்காவிட்டால், அதில் படியும் உப்பின் பாரத்தால் அடுத்த அளவு பிசகிவிடும்.