உம் கொட்ட ஆள் உண்டா?

பினாங்கில் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களுக்கு இரண்டு கதைகள் நன்றாகத் தெரியும். எண்ண வந்ததாகச் சொல்லி, முதலைகளின் முதுகில் குதித்தே ஆற்றைக் கடந்த சருகுமான் 'சாங் கஞ்சில்' மலாய்ப் பாடத்தில் வந்தது. பறவைகள் தூக்கிய குச்சியைக் கவ்விப் பறந்து, வாயைத் திறந்ததால் விழுந்த ஆமை பஞ்சதந்திரத்தில் வந்தது. அந்தப் பஞ்சதந்திரத்தை 1835இல் தமிழிலிருந்து மலாய்க்குப் பெயர்த்தவர், மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா. அப்படித்தான் கதைகள் அண்டை வீட்டாருக்கும் சொந்தமாகின்றன.

நைஜீரியாவின் யொருபா மக்களிடமும் ஓர் ஆமை உண்டு, பெயர் இஜாபா. உலகத்து அறிவையெல்லாம் சுரைக்குடுவையில் அடைத்து, மரத்தில் ஒளித்துவைக்க அது ஏறியது. வயிற்றில் கட்டிய குடுவை இடித்துக்கொண்டே இருந்தது. "முதுகில் கட்டினால் ஏறலாமே" என்றார் அவ்வழியே வந்த ஒருவர். எல்லா அறிவும் தன்னிடம் இல்லை என்பது அப்போதுதான் ஆமைக்குப் புரிந்தது.

கதை தொடங்குமுன் யொருபா கதைசொல்லி 'ஆலோ ஓ' என்பார். கேட்பவர்கள் 'ஆலோ' என்று பதில் தருவார்கள். நம் பாட்டிமாரும் அப்படித்தான். 'உம்' கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும். கேட்பவருக்கும் கதையில் பங்கு இருப்பதால்தான் நீதி மனத்தில் தங்குகிறது. தேர்வுக்காக எழுதும் 'இக்கதையின் நீதி' மறுநாளே மறந்துவிடுகிறது.

இன்றிரவு கைப்பேசியை ஒதுக்கிவைத்துவிட்டு, வீட்டுப் பெரியவரிடம் ஒரு கதை கேளுங்கள். கேட்க ஆளில்லாவிட்டால் அது அவரோடு போய்விடும்.