கராஜுக்குள் வெல்டிங்: இரவில் வரும் வருத்தங்கள்

பனிக்காலம் வந்தாலும் ரொறன்ரோவில் நம்மவர்களின் கராஜ் வேலைகள் குறைவதில்லை. வீதியில் போடும் உப்பு வாகனத்தின் அடித்தகட்டை அரித்துவிடும். துருப்பிடித்த இடத்தை வெட்டியெடுத்துப் புதுத் தகடு வைத்து ஒட்டினால் வாகனம் இன்னும் கொஞ்சக் காலம் ஓடும். வாசல் கைபிடி, வேலிக் குழாய், கோயிலுக்கு ஒரு காவடிச் சட்டம் என்று அடுத்தடுத்து வேலை வரும். பகலில் தொழிற்சாலை, இரவில் வீட்டு வெல்டிங் மெஷின் என்று இருப்பவர்கள் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் பலர். தொழில் தெரிந்த கை சும்மா இராது. அதைக் குறை சொல்வது நமது நோக்கமல்ல.

நாம் சொல்ல வருவது ஒன்றுதான். வெல்டிங்கால் வரும் வருத்தங்கள் பல, வேலை செய்யும்போது தெரிவதில்லை. சில மணித்தியாலங்கள் கழித்து, வீட்டில் படுத்திருக்கும்போதுதான் வரும். அதனால் வருத்தத்தையும் வேலையையும் யாரும் சேர்த்துப் பார்ப்பதில்லை. வைத்தியர்களும்தான்.

நமது கிளினிக்கிற்கு ஒருவர் ஒரே பனிக்காலத்தில் மூன்று முறை வந்தார். குளிர் நடுக்கம், காய்ச்சல், உடம்பு உளைவு, இருமல். முதல் இரண்டு முறையும் "புளூ" என்று சொல்லி, ரைலனோல் எடுத்து ஓய்வெடுக்கும்படி அனுப்பினோம். மூன்றாம் முறை கூடவந்த மனைவிதான், "டொக்ரர், இவர் கராஜுக்குள்ள குழாய் ஒட்டுற அண்டைக்கு இரவுதான் இது வருது" என்றார். அவர் ஒட்டியது நாகம் பூசிய, அதாவது கல்வனைஸ் செய்த குழாய். என்ன வேலை என்று நாம் கேட்டிருந்தோம். "பக்டரியில் பக்கிங்" என்று அவரும் உண்மையைத்தான் சொன்னார். வீட்டில் என்ன செய்கிறீர்கள் என்று நாம் கேட்கவில்லை. அது நமது தவறு.

ஊரும் இங்கும்

ஊரில் வெல்டிங் கடை என்றால் முன்பக்கம் திறந்த கொட்டில். புகையின் பெரும்பகுதி காற்றோடு போய்விடும். இங்கே வெளியில் மைனஸ் 15 பாகை. கராஜ் கதவை இறக்கி, ஹீற்றரையும் போட்டுவிட்டுத்தான் மெஷினைத் தொடுவோம். புகை போக வழியில்லை. வீட்டோடு ஒட்டிய கராஜ் என்றால், உள்கதவின் இடுக்கு வழியாகப் பிள்ளைகள் படுக்கும் அறைவரை அது போகும்.

உலோகப் புகைக் காய்ச்சல்

மேலே சொன்னவருக்கு வந்தது இதுதான். நாகம் சூடாகி எழும் வெண்புகையைச் சுவாசித்து 4 முதல் 12 மணித்தியாலங்களுக்குள் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வாயில் உலோகச் சுவை இருக்கும். பெரும்பாலும் ஓரிரு நாளில் மாறிவிடும். பால் குடித்தால் வராது என்று வெல்டிங் செய்பவர்கள் சொல்வார்கள். பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நெஞ்சுக்குப் போகிறது. நாகப் பூச்சை முதலில் நீக்கிவிட்டு ஒட்டுவதே சரி. நீக்கும்போதும் மாஸ்க் வேண்டும்.

கண்

வெல்டிங் வெளிச்சத்தில் உள்ள புறஊதாக் கதிர் கண்ணின் முன்பக்கத் தோலைச் சுட்டுவிடும். பல மணித்தியாலங்கள் கழித்து, கண்ணுக்குள் மண் போட்டதுபோல் எரிவும் கண்ணீரும் வரும். அநேகமாக ஓரிரு நாளில் குணமாகும். தாய்ப்பால் விடுவதும், யாரோ மிச்சம் வைத்த மரப்புச் சொட்டு மருந்தை விடுவதும் கூடாது. மரப்பு மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டால் கண் ஆறாது. வைத்தியரிடம் காட்டுங்கள். பக்கத்தில் நின்று பார்க்கும் பிள்ளைக்கும் இது வரும்.

கிறைண்டர் பிடிக்கும்போது தெறிக்கும் இரும்புத் துகள் கண்ணுக்குள் தங்கிவிடலாம். பின்பு எப்போதாவது எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் அந்தக் காந்தம் துகளை அசைத்துக் கண்ணைக் கெடுக்கும். ஆகவே இரும்பு வேலை செய்வதை முன்கூட்டியே சொல்லுங்கள்.

உயிருக்கு ஆபத்தான வாயுக்கள்

பழைய வாகனத் தகட்டைத் துடைக்கப் பலரும் பாவிப்பது பிறேக் கிளீனர். அதில் குளோரின் சேர்ந்த வகை உண்டு. வெல்டிங் சூட்டிலும் கதிரிலும் அது பொஸ்ஜீன் என்ற வாயுவாக மாறலாம். முதலாம் உலகப் போரில் ஆயுதமாகப் பாவிக்கப்பட்ட அதே வாயு. முதலில் சிறிது இருமல் மட்டும் இருக்கும். அடுத்த நாள் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். ஒட்டும் இடத்தில் அந்த வகையை ஒருபோதும் பாவிக்க வேண்டாம். பாவித்துப் புகை பட்டிருந்தால், சுகமாக இருந்தாலும் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மிக் மெஷினில் பாவிக்கும் காபனீரொட்சைட்டில் ஒரு பகுதி காபனோரொட்சைட்டு ஆகும். அதற்கு மணமில்லை. தலையிடி, தலைச்சுற்று, வாந்தி வந்தால் உடனே வெளியே போங்கள். வீட்டிலுள்ள எல்லாரையும் வெளியேற்றி 911ஐ அழையுங்கள். படுக்கையறைக்கு அருகில் இதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று பாருங்கள். ஆனால் அந்த அலாரம் உலோகப் புகையைக் கண்டுபிடிக்காது. ஆர்கன் வாயு காற்றைவிடப் பாரமானது. தாழ்வான இடத்தில் தங்கி ஒட்சிசனை விலக்கும். ஆகவே பேஸ்மென்ரில் வெல்டிங் வேண்டாம்.

நாட்பட வருபவை

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2017இல் வெல்டிங் புகையை மனிதருக்குப் புற்றுநோய் தரும் முதலாம் வகையில் சேர்த்தது. நுரையீரல் புற்றுநோயே முக்கியம். சாதாரண இரும்பும் இதற்கு விலக்கல்ல. ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் புகையில் உள்ள குரோமியம் மேலும் கெடுதல். புகையிலுள்ள மங்கனீசு பல வருடங்களில் மூளையைத் தாக்கி, கைநடுக்கத்தையும் நடைத் தளர்ச்சியையும் தரலாம். வெல்டிங் செய்பவர்களுக்கு நியூமோனியா கடுமையாக வரக்கூடும் என்பதால் பிரித்தானியாவில் அவர்களுக்குத் தடுப்பூசி பரிந்துரைக்கப்படுகிறது. உங்கள் குடும்ப வைத்தியரிடம் இதுபற்றிக் கேளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் நம்மிடையே அதிகம். கால் மரத்திருந்தால், பாட்டா செருப்புக்குள் விழுந்த தீப்பொறி தெரியாது. புண் வந்த பிறகே தெரியும். தோல் பூட்ஸ் போடுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவர்கள் இருதய வைத்தியரைக் கேட்காமல் மெஷினைத் தொட வேண்டாம்.

செய்ய வேண்டியவை

1. கதவைத் திறந்து வையுங்கள். கடும் குளிரென்றால் வேலையை வசந்தகாலத்திற்குத் தள்ளிப் போடுங்கள். புகை எழும் இடத்திலேயே அதை இழுத்து வெளியே தள்ளும் விசிறி நல்லது. புகைக்கு மேலே தலையை நீட்ட வேண்டாம்.

2. ஹெல்மெற்றுக்குள் போடக்கூடிய பி100 வகை மாஸ்க் அணியுங்கள். அது துகளைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது. தாடி இருந்தால் மாஸ்க் முகத்தில் ஒட்டாது. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் விரதம் முடியும்வரை இந்த வேலையை நிறுத்தலாம்.

3. பெற்றோல் கான், பார்பிக்கியூ காஸ் சிலிண்டர் இவற்றை முதலில் வெளியே எடுங்கள். வேலை முடிந்தபின் ஒரு மணித்தியாலமாவது நெருப்புப் பொறி இல்லை என்று பார்த்திருங்கள்.

4. வேலை உடுப்பைப் பிள்ளைகளின் உடுப்போடு கழுவ வேண்டாம்.

நச்சு பற்றிய சந்தேகத்திற்கு 1-844-764-7669 என்ற கனடா முழுவதற்குமான இலவச இலக்கத்தை அழைக்கலாம். தொழிலாக வெல்டிங் செய்பவர்கள், தொழில்சார் நோய்களுக்கென ஒன்ராறியோ தொழிலாளர்களுக்காக நடத்தப்படும் ஓக்கோ கிளினிக்குகளில் இலவசமாக ஆலோசனை பெறலாம்.

கடைசியாக ஒன்று. கையில் காசு வாங்கிச் செய்யும் வேலை என்பதால் பலர் இதை வைத்தியரிடம் மறைக்கிறார்கள். நீங்கள் கிளினிக்கில் சொல்வது வரி இலாகாவிற்குப் போகாது. நாம் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள். சொல்லக் கூச்சமாக இருந்தால், மனைவியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.