தேரி நிலத்துக்கு ஏற்ற கற்றாழை வேலி

திருச்செந்தூர், சாத்தான்குளம் பகுதிகளின் செம்மணல் தேரியில் கன்று வைப்பதைவிட, வைத்த கன்றை ஆட்டின் வாயிலிருந்து காப்பதே பெரும் பாடு. உடைமுள்ளும் பனைமட்டையும் கொண்டு கட்டிய வேலி சில ஆண்டுகளில் இற்றுப்போகும். கம்பி வேலிக்கோ கைப்பணம் வேண்டும். அதிகச் செலவில்லாமல் பல்லாண்டு நிற்கும் உயிர்வேலி ஆனைக் கற்றாழையாகும்.

இது மருந்துக்கு உதவும் சோற்றுக் கற்றாழை அன்று. மெக்சிகோ நாட்டிலிருந்து வந்த இனம். இலை ஓரத்தில் கொக்கி போன்ற முள்ளும், நுனியில் ஊசி போன்ற முள்ளும் உண்டு. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறப்பதால் ஈரம் அதிகம் வீணாவதில்லை. ஆகவே கோடையைத் தாங்கி நிற்கும்.

நீரே எதிரி

இளங்கன்றுகள் வறட்சியைவிடத் தேங்கிய நீராலேயே அதிகம் சாகின்றன. தூத்துக்குடி மாவட்டத்தில் மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே பெய்கிறது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. பதிவாயிற்று. எனவே பள்ளத்தில் நடலாகாது. ஓரடி உயரத்துக்கு வரப்பு அணைத்து, அதன் மேல் நடுவதே நல்லது.

நடும் முறை

தாய்ச்செடியைச் சுற்றி முளைக்கும் பக்கக் கன்றுகளில் ஒரு முழ உயரமுள்ளவற்றை வேருடன் பெயர்த்தெடுக்க வேண்டும். வெட்டுவாய் காயும்வரை ஒரு வாரம் நிழலில் போட்டு வைக்கலாம். பச்சைக் காயத்துடன் நட்டால் அழுகல் பற்றும். ஆவணி, புரட்டாசியில் மூன்றடிக்கு ஒன்றாக நடலாம். நூறடி வரப்புக்கு 34 கன்றுகள் போதும். வேர் மட்டும் மண்ணுக்குள் இருக்கட்டும். குருத்தில் மண் விழக்கூடாது. நட்டதும் ஒரு முறை நீர் ஊற்றினால் போதும். பின்னர் மண் நன்கு காய்ந்தால் மட்டுமே ஊற்ற வேண்டும்.

பராமரிப்பு

முதல் இரண்டு ஆண்டுகள் களை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவரை பழைய முள்வேலியைப் பிரிக்கக் கூடாது. வயலுக்குள் முளைக்கும் பக்கக் கன்றுகளை ஆண்டுதோறும் பெயர்த்து, வேலியின் இடைவெளிகளில் நடலாம். செடி ஆயுளில் ஒருமுறையே பூத்து மடியும். அந்த இடத்தைப் பக்கக் கன்று நிரப்பிவிடும்.

எச்சரிக்கை

இலைச்சாறு பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். முழுக்கைச் சட்டை அணிந்தே வெட்ட வேண்டும். குழந்தைகள் நடமாடும் பாதை, கிணற்றடி, தொழுவம் ஆகியவற்றின் அருகே நடலாகாது. நாருக்காக இலையைக் குளத்தில் ஊறப்போட்டால் நீர் கெட்டு மீன் சாகும். தனித் தொட்டியே தகுந்தது.

வரும் ஆவணிக்குள் வரப்பை அணைத்துக் கன்றுகளைத் தேடி வைத்துக்கொள்ளும் விவசாயிக்கு, சில ஆண்டுகளில் ஆடு நுழையாத வேலி கிடைக்கும்.