65 வருஷ ஞாபகம்!

ஒரு தரம் மணல்வாரி போட்டவர்களுக்கு மறுபடி போடாது என்று பாட்டிமார் சொல்வதுண்டு அல்லவா? அது உண்மைதானா என்று வீடு வீடாகப் போய் விசாரித்தார் ஓர் இளம் டாக்டர். டென்மார்க்கைச் சேர்ந்த பானும் என்பவர்.

1846-ல் வட அட்லாண்டிக்கிலுள்ள ஃபாரோ தீவுகளில் இந்தத் தட்டம்மை புகுந்தது. சுமார் 7,800 ஜனங்களில் 6,000 பேர் படுத்த படுக்கையானார்கள். ஆனால் 1781-ல், சிறு பிராயத்தில், அம்மை கண்டு பிழைத்திருந்த கிழவர் கிழவிகளில் ஒருவரைக்கூட அது தொடவில்லை! அன்று தப்பித்திருந்த கிழவர்களையோ இப்போது விடவில்லை.

காரணம், இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள். புதுக் கிருமியை எதிர்க்கத் தக்க ஆயுதம் தயாரிக்க அவற்றுக்குப் பல நாள் பிடிக்கும். பிறகு, அந்த வித்தையை அறிந்த சில அணுக்கள் ஆயுள் முழுதும் காவல் இருக்கின்றன.

"அப்படியானால் அம்மை வந்துவிட்டே போகட்டுமே!" என்கிறீர்களா? அங்கேதான் வம்பு. மற்ற நோய்களை நினைவில் வைத்திருக்கும் அணுக்களையும் மணல்வாரிக் கிருமி அழித்துவிடுகிறது என்று 2019-ல் வெளிவந்த ஆராய்ச்சிகள் காட்டின. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் விட்ட பிறகும், குழந்தையை வேறு நோய்கள் எளிதில் பிடிப்பது இதனால்தான். தடுப்பூசி இந்தத் திருட்டு இல்லாமலே ஞாபகத்தை மட்டும் கொடுக்கிறது. நம் நாட்டில் முதல் ஊசி 9 மாதம் நிறைந்ததும்; அடுத்தது 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள். பிள்ளை ஓடியாடத் தொடங்கியதும் தாய்மார் மறந்துபோவது இந்த இரண்டாவதைத்தான்.